மாஸிலன் பள்ளி அணிக்குப் புலிப் பெயர் எப்படி வந்தது?

கேள்வி இது: ஓஹையோ மாநிலத்தின் மாஸிலன் ஊரில் உள்ள வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 'டைகர்ஸ்' என்று ஏன் பெயர்? அந்தப் பக்கம் காட்டில் புலியே கிடையாதே. முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு 16,600 இருக்கை கொண்ட ஸ்டேடியம் எதற்கு?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பெயருக்கும் புலிக்கும் சம்பந்தமில்லை, கடையில் கிடைத்த ஜெர்சிதான் காரணம். அதுவும் பள்ளிக்காக வாங்கிய ஜெர்சி இல்லை. 1903-இல் ஊர்ப் பெரியவர்கள் பணம் போட்டு ஆரம்பித்த ஓர் அணிக்காக வாங்கியது. பள்ளி அந்தப் பெயரைப் பின்னால் எடுத்துக்கொண்டது. இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். காண்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 13 கி.மீ. தொலைவில், டஸ்கராவஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது மாஸிலன். இரும்பாலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1894 மார்ச்சில் ஜேக்கப் காக்ஸி என்ற உள்ளூர்த் தொழிலதிபர் வேலையில்லாதவர்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு நடைப்பயணம் கிளம்பியது இங்கிருந்துதான். மாஸிலன் பள்ளியும் காண்டன் பள்ளியும் முதன்முதலில் மோதியதும் அதே 1894-தான். 'டைகர்ஸும் புல்டாக்ஸும் 1894-இலிருந்து மோதுகிறார்கள்' என்று பலர் எழுதுகிறார்கள் (புல்டாக்ஸ் என்பது காண்டன் பள்ளி அணியின் இன்றைய பெயர்). அது பாதிதான் சரி. பள்ளிகள் மோதியது உண்மை. ஆனால் அன்றைக்கு இந்தப் பக்கம் புலியும் இல்லை, அந்தப் பக்கம் நாயும் இல்லை. இரண்டு பெயர்களும் வர இன்னும் பத்தாண்டு இருந்தது.

1903-இல் அமைந்த மாஸிலன் அணி, பேருக்கு அமெச்சூர் அணி. அதற்கு ஒரே மாதிரி ஜெர்சி வாங்கப் போனபோது, மொத்த அணிக்கும் போதுமான எண்ணிக்கையில் கிடைத்தவை ஆரஞ்சு-கறுப்புக் கோடு போட்டவை மட்டுமே என்று சொல்லப்படுகிறது. அந்தக் கோடும் நிறமும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியின் அடையாளம். பிரின்ஸ்டன் அணியை அப்போதே 'டைகர்ஸ்' என்றுதான் அழைப்பார்கள். அதே நிறத்தைப் போட்டுக்கொண்டதும் அதே பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆக மாஸிலன் புலி நியூஜெர்சியிலிருந்து கடன் வாங்கிய புலி. வேறு மாதிரி ஜெர்சி கட்டுக்கட்டாகக் கிடைத்திருந்தால் இன்றைக்கு வேறு பெயரில் இருந்திருப்பார்கள்.

அமெரிக்கப் பள்ளிகளின் பட்டப்பெயர்களில் கணிசமானவை இப்படி நிறத்திலிருந்து வந்தவைதான். ஊர்த்தொழிலிலிருந்து வருவது இன்னொரு வகை. இல்லினாய் மாநிலத்தின் ஹூப்ஸ்டன் பள்ளிக்கு 'கார்ன்ஜெர்க்கர்ஸ்' என்று பெயர், அதாவது மக்காச்சோளக் கதிரைக் கையால் ஒடிப்பவர்கள். மூன்றாவது வகை, எதிராளி போட்ட வசையையே பெயராக்கிக்கொள்வது. அரிசோனாவின் யூமா பள்ளி 1910 முதல் 1914 வரை மூடப்பட்ட ஒரு சிறைச்சாலைக் கட்டடத்தில் நடந்தது. யாரும் எதிர்பாராத ஓர் ஆட்டத்தில் ஃபீனிக்ஸ் அணியை வென்றபோது, தோற்றவர்கள் இவர்களைக் 'கிரிமினல்ஸ்' என்று திட்டினார்கள். அந்தப் பள்ளி அணிக்கு இன்றும் அதுதான் பெயர். வாய்வழிக் கதையாக எதைக் கேட்டாலும், முதலில் அது இந்த மூன்றில் எந்த வகை என்று பார்த்துவிட்டு, பிறகு அந்தக் காலத்து உள்ளூர்ச் செய்தித்தாளில் பெயர் முதலில் எந்த ஆண்டு தலைகாட்டுகிறது என்று தேடுவது நல்லது. பள்ளி நிர்வாகம் தீர்மானம் போட்ட தேதி பெரும்பாலும் உதவாது. அதற்குப் பல வருடம் முன்பே பெயர் புழக்கத்துக்கு வந்திருக்கும்.

மாஸிலனுக்கு வருவோம். 1903 அணி சாதாரண அணி இல்லை. ஆக்ரன் அணியுடன் பட்டத்துக்காக நடந்த ஆட்டத்துக்குப் பிட்ஸ்பர்க்கிலிருந்து காசு கொடுத்து ஆட்களை இறக்கினார்கள். 12-0 என்று ஜெயித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1905-இல் காண்டனும் காசு கொடுத்து ஓர் அணியைக் கட்டியது. அதுதான் பிறகு 'காண்டன் புல்டாக்ஸ்' ஆனது. 1906 நவம்பரில் இரண்டு அணிகளும் இரண்டு முறை மோதின. முதல் ஆட்டம் காண்டனுக்கு 10-5, அடுத்தது மாஸிலனுக்கு 13-6. இன்றைய கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்கள் விநோதமாக இருக்கும். அப்போது டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதற்கு, 5 புள்ளி, அதற்குப் பின் உதைக்கும் கோலுக்கு 1. டச் டவுனுக்கு 6 என்று ஆனது 1912-இல்தான். பழைய ஸ்கோரை இன்றைய விதியை வைத்துப் பிரித்துப் பார்த்தால் இதனால்தான் கணக்கு உதைக்கும்.

அந்த 1906 பருவத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பந்தை முன்னோக்கி எறிய விதி அனுமதித்த முதல் ஆண்டு அது. தொழில்முறை ஆட்டத்தில் வெற்றிகரமாக எறிந்து பிடித்த முதல் பாஸ் என்று ஆவணப்படுத்தப்பட்டிருப்பது, அக்டோபர் 27 அன்று மாஸிலன் அணியின் பெகி பாரட் எறிந்து டேன் ரைலி பிடித்தது.

ஆனால் நவம்பர் ஆட்டங்கள் முடிந்த கையோடு சூதாட்டப் புகார் கிளம்பியது. காண்டன் பயிற்சியாளர் ஆட்டத்தை விற்கப் பார்த்தார் என்று மாஸிலன் தரப்புக் குற்றம் சாட்டியது. புகார் நிரூபணமானதோ இல்லையோ, பந்தயம் கட்டியவர்கள் கொதித்தார்கள், கூட்டம் குறைந்தது, சம்பளச் சுமையோ தலைக்கு மேல் இருந்தது. இரண்டு ஊரிலும் பெரிய காசு போட்ட தொழில்முறை ஆட்டம் படுத்துவிட்டது. பின்னால் 1915 வாக்கில் மறுபடி உயிர் வந்தது. காண்டனுக்கு ஜிம் தோர்ப், மாஸிலனுக்கு நூட் ராக்னி என்று பெரிய தலைகளே ஆடினார்கள். 1920 செப்டம்பரில் காண்டனில் ஒரு கார் விற்பனைக் கடையில் கூடித்தான் இன்றைய தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் தாய் அமைப்பைத் தொடங்கினார்கள். மாஸிலன் தொழில்முறை அணி அந்த லீகில் ஆடவே இல்லை. சிறு ஊரின் பணம் அந்த ஆட்டத்துக்குப் போதவில்லை.

இங்கேதான் பள்ளி வருகிறது. பெரியவர்கள் அணி கலைந்தது. ஆரஞ்சும் கறுப்பும், 'டைகர்ஸ்' என்ற பெயரும், காண்டனைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறியும் ஊரில் மிச்சம் இருந்தன. அவை மொத்தமும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கம் காண்டனின் மக்கின்லி பள்ளி 'புல்டாக்ஸ்' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஒரு பள்ளி தொழில்முறை அணியின் பெயரைச் சுவீகரிப்பது அபூர்வமில்லை. ஆனால் சண்டைக்காரர்கள் இருவரும் பெயரோடு சண்டையையும் சேர்த்துச் சுவீகரித்தது இங்கேதான்.

பெயர் மட்டும் இருந்து என்ன பயன்? 1920-களின் பிற்பகுதியில் மாஸிலன் பள்ளி அணி மங்கிக் கிடந்தது. 1932-இல் 24 வயதுகூட நிரம்பாத பால் பிரவுன் பயிற்சியாளராக வந்தார். அதே பள்ளியில் ஆட்டத்தை நடத்தும் இடமான குவார்ட்டர்பேக் ஆடியவர், எடை 68 கிலோவுக்கும் குறைவு. (அப்போது ஊர் மேயர் யார் தெரியுமா? நாம் மேலே பார்த்த காக்ஸிதான், கிழவராகி மேயர் ஆகியிருந்தார்.) முதல் வருடம் 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மூன்றாம் வருடம் 9 வெற்றி, ஒரே தோல்வி. அந்தத் தோல்வி காண்டனிடம் என்பதால் ஊரில் யாரும் சந்தோஷப்படவில்லை. 1935 முதல் 1940 வரை ஆறு பருவங்களில் 58 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். அந்த ஒரு தோல்வி 1937-இல் பென்சில்வேனியாவின் நியூ காசில் அணியிடம். ஒன்பது ஆண்டுக் கணக்கு 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன்.

இதை எப்படிச் செய்தார் என்பதுதான் மற்ற ஊர்கள் தவறவிடும் இடம். மேல்நிலை வகுப்புக்கு வந்த பையனுக்கு மூன்று வருடத்தில் ஆட்டம் கற்றுக்கொடுப்பது அன்றைய வழக்கம். பிரவுன் அதைக் கீழே இறக்கினார். ஊரின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே ஆட்டமுறை, ஒரே குறிச்சொற்கள், ஒரே வரிசைகள். பதின்மூன்று வயதுப் பையன் அங்கே 'இந்த எண் சொன்னால் இந்த இடைவெளி வழியாக ஓட வேண்டும்' என்று படித்தால், பதினாறு வயதில் பெரிய அணிக்கு வரும்போதும் அதே எண்ணுக்கு அதே ஓட்டம்தான். பாஷை மாறாது. மேலே வந்தபின் அடிப்படையில் நேரம் போகாது, நுணுக்கத்துக்கு நேரம் கிடைக்கும். மைதானத்தில் மட்டும் பயிற்சி இல்லை, வகுப்பறையில் உட்கார வைத்துப் பாடம், எழுத்துத் தேர்வு. உடம்பு பெரிதாக இருப்பவனைவிட வேகமாக ஓடுபவனுக்கு முதலிடம். புகை, குடி என்று பிடிபட்டால் அணியில் இடமில்லை. கறுப்பின மாணவர்களைத் தயங்காமல் சேர்த்தார். அவர்களில் ஹொரேஸ் கில்லம் பின்னால் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் பிரவுனிடமே ஆடினார்.

1940 அணியின் கணக்கைப் பாருங்கள். பத்து ஆட்டம், போட்டது 477 புள்ளி, கொடுத்தது 6. அந்த ஆறையும் எடுத்தது யார் என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்: காண்டன் மக்கின்லிதான், ஒரே ஒரு டச் டவுன். ஆட்டம் 34-6. பருவத்துக்கு முன் கென்ட் ஸ்டேட் கல்லூரி அணியுடன் பயிற்சி ஆட்டம் ஆடி, பள்ளிப் பையன்கள் 47-0 என்று அடித்தார்கள். அதற்கடுத்த வருடம் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் பிரவுனைத் தூக்கிக்கொண்டு போனதில் ஆச்சரியமில்லை.

ஸ்டேடியம் இந்தக் காலத்துச் சொத்து. பொருளாதார மந்தத்தில் வேலை கொடுக்க அரசு நடத்திய பொதுப்பணித் திட்டத்தின் கீழ் கட்டி, 1939-இல் திறந்தார்கள். அன்றைக்கு ஊர் மக்கள்தொகை சுமார் 26,000. ஊரில் பாதிப் பேருக்கு மேல் உட்கார வைக்கும் அளவுக்கு ஸ்டேடியம் கட்டுவது கிறுக்குத்தனம் என்று தோன்றும். ஆனால் இருக்கை நிரம்பியது, டிக்கெட் பணம் வந்தது, அந்தப் பணத்தில் அணி நடந்தது. கூட்டம் வெறும் ஆட்டத்துக்கு மட்டும் வரவில்லை என்பதைப் பிரவுன் புரிந்துகொண்டிருந்தார். 1938-இல் ஜார்ஜ் 'ரெட்' பேர்டு என்பவரைக் கொண்டுவந்து 'டைகர் ஸ்விங் பேண்ட்' தொடங்க வைத்தார். அதுவரை பள்ளி பேண்ட் என்றால் ராணுவ அணிவகுப்பு மாதிரி விறைப்பாக இருக்கும். பேர்டு அதை ஆட்டம்பாட்டமாக மாற்றினார். 1946-இல் பிரவுன் கிளீவ்லாந்தில் தொழில்முறை அணி ஆரம்பித்தபோது பேர்டையும் கூட்டிக்கொண்டு போனார் என்பதிலிருந்தே அவர் மதிப்பு தெரியும். ஸ்டேடியத்துக்கு 1976-இல் பிரவுன் பெயரையே சூட்டினார்கள்.

பயிற்சியாளர் போனால் பாரம்பரியமும் போய்விடுவதுதான் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது. இங்கே போகவில்லை. காரணம், பாரம்பரியம் பள்ளிக்கு வெளியே, ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. பிரவுன் காலத்திலேயே உருவான பூஸ்டர் கிளப், அதாவது அணியை ஆதரிக்கும் ஊர்க்காரர்களின் சங்கம், பருவத்தில் வாராவாரம் திங்கட்கிழமை கூடும். பயிற்சியாளர் வந்து போன ஆட்டத்தின் படத்தைப் போட்டுக் காட்டி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். 'சைட்லைனர்ஸ்' என்று இன்னொரு குழு. அதில் ஒவ்வொருவரும் ஒரு வீரனைத் தத்து எடுத்த மாதிரிப் பார்த்துக்கொள்வார், சாப்பாடு போடுவார், நல்லது கெட்டது சொல்வார். ஊர் மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு குட்டி ரப்பர் கால்பந்து வைப்பது பூஸ்டர்களின் வழக்கமாக இருந்தது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் மாஸிலனைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதில்தான் ஆரம்பிப்பார்கள். ஊரின் மருத்துவமனை 2018-இல் மூடப்பட்டுவிட்டது. பிரசவத்துக்கு இப்போது வெளியூர்தான்.

எல்லாமே மெச்சத்தக்கது என்று சொல்ல வரவில்லை. எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையனைக்கூட இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வைப்பது, உடம்பு தேறி வயது வரம்புக்குள்ளேயே ஒரு வருடம் பெரியவனாக ஆடட்டும் என்று. 1999 பருவத்தைப் படமெடுத்த ஓர் ஆவணப்படத்தில் ஊர்க்காரர்களே இதை ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள். விதிப்படி தவறில்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் ஒரு வருடம் ஆட்டத்துக்காகப் போகிறது என்பதும் பொய்யில்லை.

இனி புலிக்கு. ஆரம்பத்தில் புலித்தோல் போர்த்திய ஒரு மாணவன்தான் சின்னம், கிட்டத்தட்டப் புலிவேஷம். 1970-இல் நிஜப் புலிக்குட்டியையே மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் 'ஓபி'. ஆரஞ்சின் ஆங்கில முதலெழுத்து ஓ, பிளாக்கின் முதலெழுத்து பி, அவ்வளவுதான். ஆக, பெயரும் திரும்ப அந்த ஜெர்சிக்கே போய்விட்டது. நடைமுறை எப்படி இருந்தது என்றால், உரிமம் உள்ளவரிடமிருந்து ஒரு பருவத்துக்குக் குட்டியை வாடகைக்கு எடுப்பார்கள். சக்கரம் வைத்த கூண்டில் மைதான ஓரமாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வருடமும் புதுக்குட்டி. ஏனென்றால் புலிக்குட்டி பிறக்கும்போது ஒரு கிலோ சொச்சம்தான் இருக்கும், ஒரு வயதுக்குள் வளர்ந்த ஆளின் எடைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் தூக்கிக்கொண்டு போகலாம் போல இருப்பது அடுத்த ஆகஸ்டில் கிட்டே போக முடியாத மிருகமாகியிருக்கும்.

2011-இல் ஓஹையோவின் ஜேன்ஸ்வில் பக்கம் ஒருவர் தன்னிடம் இருந்த சிங்கம், புலி, கரடிகளைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். போலீசார் பெரும்பாலான விலங்குகளைச் சுட வேண்டியதாயிற்று. அதன் விளைவாக 2012-இல் ஆபத்தான விலங்குகளை வைத்திருப்பதற்கு எதிராக மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அதில் விளையாட்டுச் சின்னமாக ஒரே ஒரு விலங்கை வைத்திருக்கும் கல்வி நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. யாரை மனதில் வைத்து எழுதிய வரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு: விலங்கு சாகும்வரை தகுந்த இடத்தில் பராமரிப்பதாக உறுதிமொழி, பொறுப்புக் காப்பீடு, பொதுமக்கள் தொட முடியாத கூண்டு. காப்பீடும் கூண்டும் பணத்தால் தீரும் விஷயம். முதல் நிபந்தனைதான் இடிக்கும். மூன்று மாத வாடகைக்கு எடுத்த குட்டிக்கு வாழ்நாள் பொறுப்பு எப்படி ஏற்பது? 2022 டிசம்பரில் வந்த மத்திய அரசுச் சட்டம் இன்னும் கடுமையானது. புலி, சிங்கம் போன்ற பெரும்பூனைகளைத் தனியார் வைத்திருப்பதையும், குட்டிகளைப் பொதுமக்கள் தொடுவதையும் நாடு முழுக்கத் தடுத்தது. பிராணி நல அமைப்புகள் பல வருடமாகவே நிஜக்குட்டி வேண்டாம் என்று சொல்லிவருகின்றன. ஆயிரக்கணக்கான பேர் கத்த, பித்தளை வாத்தியங்கள் முழங்க, விளக்கு வெளிச்சத்தில் ஒரு குட்டி கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புலித்தோல் பையனே போதுமானவன்.

பட்டங்களைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. மாஸிலன் ஏகப்பட்ட மாநிலப் பட்டம் வென்றது என்று ஓரிடத்திலும், 2023 வரை ஒன்றுகூட வெல்லவில்லை என்று இன்னோரிடத்திலும் படிப்பீர்கள். இரண்டும் சரி. ஓஹையோவில் 1972-க்கு முன் நாக்-அவுட் சுற்று கிடையாது. பருவ முடிவில் பத்திரிகைக்காரர்கள் வாக்களித்து யார் முதலிடம் என்று சொல்வார்கள். மாஸிலனின் பழைய பட்டங்கள் எல்லாம் அந்த வகை, கடைசி 1970-இல். நாக்-அவுட் வந்தபின் 1980, 1982, 2005, 2018, 2019, 2020 என்று ஆறு முறை இறுதிக்குப் போய் ஆறிலும் தோற்றார்கள். கடைசி மூன்றும் அடுத்தடுத்த வருடங்கள். 2023 நவம்பர் 30 அன்று ஆக்ரனின் ஹோபன் பள்ளியை 7-2 என்று வென்று, 16 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்கோடு பருவத்தை முடித்தார்கள். அந்த 2 புள்ளி 'சேஃப்டி', பந்து வைத்திருப்பவனை அவன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கினால் கிடைப்பது. ஆட்டம் நடந்த இடம் காண்டன், தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தை ஒட்டிய ஸ்டேடியம். அது மக்கின்லி புல்டாக்ஸ் அணியின் சொந்த மைதானமும்கூட.

கூடவே அடிக்கடி கேட்கப்படும் ஒன்று: 1968-இல் பிரவுன் தொடங்கிய சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் புலிதான், நிறமும் ஆரஞ்சு-கறுப்புதான், அது மாஸிலன் நினைவாக வைத்ததா? பெயர் அப்படி இல்லை. சின்சினாட்டியில் 1937 முதல் 1941 வரை 'பெங்கால்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொழில்முறை அணி இருந்தது, அதன் தொடர்ச்சியாகவே பெயரை எடுத்தார். நிறத்தைப் பற்றி மாஸிலன்காரர்களிடம் வாதிட்டுப் பயனில்லை.